‘டெஃபிகேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

சொற்களின் பொருள் காலந்தோறும் மாறும் என்பது மொழிநூலார் அனைவர்க்கும் உடன்பாடே. எனினும், ஒரு சொல் எந்நூற்றாண்டில் எப்பொருள் தந்தது என்பதை வரையறுத்துக் கொள்ளாது பழைய நூல்களைப் பயில்வார் பெரிதும் பிழைபடுவர். இவ்வுண்மையை ‘டெஃபிகேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம். இன்று இது மலங்கழித்தல் என்னும் ஒரு பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது.

இச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஃபெக்ஸ்’ என்பது திராட்சை மதுவின் அடியில் தங்கும் மண்டியைக் குறித்தது. அதன் பன்மையே ‘ஃபீசெஸ்’ என ஆங்கிலத்திற் புகுந்தது. நீக்கற்பொருள் தரும் ‘தெ’ என்னும் முன்னொட்டுச் சேர, மண்டி நீக்கித் தெளிவித்தல் என்னும் வினை தோன்றிற்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நாடக ஆசிரியர் பிளாட்டசு, கலக்கம் நீங்கித் தெளிந்த மனத்தைக் குறிக்கவும் இவ்வினையை ஆண்டுள்ளார்.

ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிற் புகுந்தபோதும் இச்சொல் தூய்மை செய்தல் என்னும் பொருளே தந்தது. 1621இல் முதன்முதல் வெளிவந்த ‘மனச்சோர்வின் கூறுபாடு’ என்னும் பொருள்படும் தம் பெருநூலில், இராபர்ட்டு பர்ட்டன், மார்ட்டின் லூதர் சமயத்தைத் தூய்மை செய்யத் தொடங்கியதை இவ்வினையாலேயே சுட்டுகின்றார். இக்காலப் பொருளை மட்டும் அறிந்தார்க்கு அவ்விடம் நகைப்புக்கிடமாகும். ஆசிரியர் கூறியதோ உயர்ந்த புகழுரை என்க. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சன் அகராதியும், 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டர் அகராதியும் தெளிவித்தல், தூய்மை செய்தல் என்றே இவ்வினைக்குப் பொருள் கூறின.

கழிவுப் பொருள் 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வினையில் நிலைபெற்றது. ‘ஃபீசெஸ்’ என்னும் பெயர்ச்சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே மண்டியினின்று மலத்திற்குப் பெயராகிவிட்டமையின், வினையும் அதன் வழிச் சென்றது. இம்மாற்றத்தில் இலக்கண வேறுபாடு ஒன்றும் கருதத்தக்கது. மதுவைத் தெளிவித்தல், மனத்தைத் தெளிவித்தல் எனச் செயப்படுபொருள் குன்றா வினையாக நின்றது, பின்னர்ச் செயப்படுபொருள் குன்றிய வினையாயிற்று. தூய்மை பெறும் பொருள் உடலே என்பது சொல்லாமலே அமைந்துவிட்டது. எனவே, இச்சொல் தன் பழம்பொருளை முற்றும் துறந்ததன்று. அதனை உடலளவிற் சுருக்கிக்கொண்டது எனலே பொருந்தும். பழம்பொருளோ கரும்பாலைத் தொழிலில் இன்றும் வாழ்கின்றது. கருப்பஞ்சாற்றிற் சுண்ணாம்பு சேர்த்துக் காய்ச்சி அழுக்கைப் பிரித்தெடுக்கும் முறைக்கு ஆங்கிலத் தொழில்நூலார் வழங்கும் பெயர் ‘டெஃபிகேஷன்’ என்பதே.

இச்செயலுக்கு ஆங்கிலேயரிடம் தொல்லாங்கில ‘ஷீட்டன்’ வழிவந்த சொந்தச் சொல் இல்லாமலில்லை. அது பிரித்தல் என்னும் வேர்ப்பொருளினின்று பிறந்ததாயினும் அவையிற் கூறத்தகாததாயிற்று. ஆகவே, மருத்துவரும் கற்றோரும் இலத்தீனின் திரையை நாடினர். நம் நன்னூலார் தகுதி வழக்கின் வகையாகக் கூறும் இடக்கரடக்கலும் இத்தகையதே. ஆங்கிலேயர் பிறமொழிச் சொல்லால் மறைத்தனர். தமிழர் ‘கால் கழுவி வருதல்’ எனப் பின்னிகழும் செயலால் மறைத்தனர். நெறி வேறாயினும் இருவரும் தெரிந்தெடுத்தது தூய்மையையே.

வடமொழியிலிருந்து தமிழ் ஏற்ற ‘மலம்’ என்னும் சொல்லும் அழுக்கு என்னும் பொதுப்பொருளினின்று உடற்கழிவைக் குறிப்பதாயிற்று. சைவ சித்தாந்த நூல்களிலோ ஆணவம், கன்மம், மாயை என்னும் உயிரின் அழுக்குகளை அது குறிக்கும். பர்ட்டனை இக்காலப் பொருள்கொண்டு பயில்வார்க்கு நேரும் இடர், வழக்குப்பொருள் ஒன்றே அறிந்து சித்தாந்தம் பயில்வார்க்கும் நேரும். ஆதலின், அகராதி தொகுப்போர் பொருள்களை நிரல்படத் தருவதோடு அமையாது, அவை தோன்றிய காலத்தையும் உடன் தருதல் இன்றியமையாதது என்பது எம் துணிபு.