கதீட்ரல் சாலையில் ஒரு தோட்டக்கலைச் சங்கம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுடா, சரித்திரம் மாதிரி இருக்கட்டும்" என்றார். நான் படித்தது சிவில். சரித்திரத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் நம்மில் பலர் தோசை சாப்பிட்ட ஓர் இடத்துக்குப் பின்னால் 170 வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதைச் சொல்கிறேன்.

தேனாம்பேட்டை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைத்தான் சொல்கிறேன். காருக்குள் உட்கார்ந்தபடியே சாப்பிடும் இடம். எங்களிடம் ஏது கார்? நாலு பேருக்கு இரண்டு பைக். மரத்தடியில் நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து, ஒரு காபியை ஒரு மணி நேரம் குடிப்போம். யாரும் விரட்டியதில்லை. 2008 ஏப்ரலில் அதை மூடினார்கள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு. ஓட்டல் நஷ்டத்தில் மூடுகிறது போலும் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. ஓட்டல் நின்ற நிலம் ஓட்டலுடையதே அல்ல.

1835-ல் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரின் முயற்சியில் மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. வைட் தொழிலால் மருத்துவர், ஆசையால் தாவர அறிஞர். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்களை வைத்துக்கொண்டு தென்னிந்தியச் செடிகளை ஆயிரக்கணக்கில் வரையவைத்தவர். பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் வேலையும் அவரிடம் வந்தது. அது சரியாக வரவில்லை, பாவம்.

சங்கத்தின் வேலை என்ன? வெளிநாட்டிலிருந்து விதை, நாற்று வரவழைப்பது, நம் மண்ணில் வருமா என்று பார்ப்பது, வந்தால் பெருக்கி எல்லோருக்கும் கொடுப்பது, மலர்க் கண்காட்சி நடத்துவது. 1853-லேயே இந்தத் தோட்டத்துச் செடிகளுக்கு ஒரு முழுப் பட்டியல் நூல் வந்தது. எழுதியவர் ஹ்யூ கிளெக்ஹார்ன். இவரும் டாக்டர்தான். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் காடுகளுக்கு முதல் காப்பாளராகப் போனார். நம் வனத்துறையின் வேரைத் தேடிப் போனால் ஒரு நுனி இந்தத் தேனாம்பேட்டைத் தோட்டத்துக்கு வந்து சேருகிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

இனி பணக் கதை. நம் சங்கத்து நண்பர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

லாபம் பார்க்காத ஒரு தோட்டச் சங்கத்துக்கு எங்கிருந்து காசு வரும்? உறுப்பினர் சந்தா, விதை, நாற்று விற்பனை, கண்காட்சி வசூல். இதற்கெல்லாம் மாதா மாதம் தோட்டக்காரர் சம்பளமும் தண்ணீர்ச் செலவும் காத்திருக்காது. கையில் இருந்த பெரிய சொத்து நிலம் ஒன்றுதான், அதுவும் ஊருக்கு நடுவில். 1962-ல் அதில் ஒரு பகுதி உட்லண்ட்ஸ் கிருஷ்ணராவின் டிரைவ்-இன்னுக்குக் குத்தகைக்குப் போனது. கணக்குப்படி நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மரங்களும் நின்றன, ஊருக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் செடிக்காக இருந்த நிலம் ஓட்டல் நிலம் என்று பேர் வாங்கியதும் அன்றிலிருந்துதான். எங்கள் செட்டில் ஒருவனுக்காவது சங்கத்தின் பெயர் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது.

1989-ல் அரசு இந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆணையிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் போய், கடைசியில் 2008-ல் டிரைவ்-இன் காலியானது. அங்கே ஏற்கெனவே நின்ற பழைய மரங்களை விட்டுவைத்துச் சுமார் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா கட்டி, 2010 நவம்பர் 24-ல் திறந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த சங்க நிலத்தை 2023 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது. 115 கிரவுண்டு, மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கால்குலேட்டரை எடுக்காமல் இருக்க முடியுமா? கிரவுண்டு சுமார் 8 கோடியே 70 லட்சம்! ரோஜா நாற்று விற்று இதைக் காப்பாற்ற எத்தனை நாற்று விற்க வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். 2024 அக்டோபர் 7-ல் அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. 6.09 ஏக்கர், செலவு 46 கோடி.

அரசு எடுத்தது சரியா தவறா என்று நண்பர்கள் சண்டை போடுவார்கள். என் கருத்து இதுதான்: நிலம் கட்டடமாகவில்லை, பச்சையாகவே இருக்கிறது. அந்த இடத்தில் இன்னொரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வந்திருந்தால் யாரைக் கேட்டிருப்போம்? அதே சமயம், நாற்று வளர்க்கத் தெரிந்த ஒரு சங்கத்தின் பிடி போய், டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கும் இடமாக அது மாறியதில் எனக்கு வருத்தம் உண்டு. கல்கத்தாவில் வில்லியம் கேரி 1820-ல் தொடங்கிய இதே மாதிரிச் சங்கம் அலிப்பூரில் தன் தோட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்டுக்கு 1907-லேயே தனிச் சட்டம் வந்தது. தன் நிலத்தை விற்க முடியாத நிலம் என்று அந்த அமைப்பே அறிவித்துவிடலாம். நம் ஊர்ச் சங்கத்துக்கு அப்படி ஒரு வேலி இல்லை.

நம் பழைய மாணவர் சங்கமும் சங்கம்தான். பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை வாசிக்கும்போது நாம் எங்கே இருப்போம்? காபி மேஜையில். நானும்தான், மறுக்கவில்லை.

போன மாதம் மகளைச் செம்மொழிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். பைக் நிறுத்திய மரத்தைத் தேடினேன். இரண்டு மரங்கள் அது மாதிரியே இருந்தன. எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "இங்கேதான் அப்பா தோசை சாப்பிட்டேன்" என்றேன். "பார்க்கில் எப்படிப்பா தோசை கிடைக்கும்?" என்றாள். இரண்டு மரத்தடியிலும் நிற்கவைத்து போட்டோ எடுத்து, அன்றைக்கு உடன் வந்த மூன்று பேருக்கும் அனுப்பினேன். ஒருவன் இடது பக்கம் என்கிறான், இன்னொருவன் வலது பக்கம் என்கிறான். மூன்றாமவன் இந்த ரீயூனியனுக்கு வருகிறான், வந்ததும் கேட்க வேண்டும்.