அஸ்ல் முதல் மாத்திரை வரை

கருத்தடை என்றதும், அது மேனாட்டார் நேற்றுக் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் நம்மில் பலர். வரலாறோ வேறு விதமாகப் பேசுகின்றது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே அரபு மக்களிடம் 'அஸ்ல்' என்னும் வழக்கம் இருந்தது. கருத்தரியாதிருக்கும் பொருட்டுக் கணவன் விந்தை வெளியே விடுதலே அஸ்ல். குர்ஆன் அருளப்பெற்று வந்த நாள்களிலும் தாங்கள் அதனைச் செய்து வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதனை மறைமுகமான சிசுக்கொலைக்கு ஒப்பிடும் அறிவிப்பும் முஸ்லிமில் உண்டு. அதனை ஆதாரமாக்கி, ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) அஸ்லைத் தடுத்தார். பெரும்பாலான அறிஞர்களோ அனுமதித்தனர். அவர்களிலும் சிலர் அதனை விரும்பத்தகாத செயலாகக் கருதினர்.

அனுமதித்தோரும் நிபந்தனையின்றி விட்டுவிடவில்லை. மகப்பேற்றில் மனைவிக்கும் உரிமையுண்டு. ஆதலின் அவளுடைய இசைவு வேண்டும் என்றனர் ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர் பெரும்பாலோர். ஷாஃபிஈ மத்ஹபில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அம்மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்; இறப்பு 1111) தம் 'இஹ்யா'வில் நோக்கத்தையே உரைகல்லாகக் கொண்டார். மனைவியின் உயிரைப் பேறுகால ஆபத்திலிருந்து காத்தல், மிகுந்த பிள்ளைகளால் நேரும் நெருக்கடியைத் தவிர்த்தல் ஆகியவற்றை ஏற்றார். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்றஞ்சித் தவிர்ப்பதைக் கண்டித்தார். உருவாகிவிட்ட கருவை அழிப்பது வேறு, கருத்தரியாமல் தவிர்ப்பது வேறு என்றும் தெளிவுபடுத்தினார்.

மருத்துவர்களும் வாளாவிருக்கவில்லை. இப்னு சீனா (980-1037) தம் 'கானூன்' நூலில், கர்ப்பத்தால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய பெண்களை எண்ணிக் கருத்தடை முறைகளை விவரித்துள்ளார்.

காலம் மாறியது. 1937இல் எகிப்தின் முஃப்தி அப்துல் மஜீத் ஸலீம், தக்க காரணம் இருப்பின் தம்பதியர் இசைந்து கருத்தரிப்பைத் தவிர்க்கலாம் என ஃபத்வா வழங்கினார். 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை அனுமதி பெற்றது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி மூன்று முடிவுகளைக் கூறியது: தேவை கருதி, இருவரும் கலந்து, தீங்கின்றித் தற்காலிகமாகத் தவிர்க்கலாம், மார்க்கம் ஏற்கும் நிர்ப்பந்தமின்றி நிரந்தரமாக மலடாக்குதல் கூடாது, பிள்ளைப்பேற்றுச் சுதந்திரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துதலும் கூடாது.

இன்று வழிகள் பல. உறை நோய்த்தொற்றினின்றும் காக்கும். ஆயினும் ஒவ்வொரு முறையும் கவனம் தேவை. மாத்திரையை நாள்தோறும் தவறாது உண்ண வேண்டும். இரத்த அழுத்தம் மிகுந்தோருக்கும், குழந்தை பெற்றுப் பாலூட்டத் தொடங்கியோருக்கும் எல்லா மாத்திரைகளும் ஒவ்வா. செம்புச் சுருள் பத்தாண்டு வரை பயன்தரும். அகற்றினால் மீண்டும் கருத்தரிக்கலாம். அறுவையோ நிரந்தரமானது. எது பொருந்தும் என்பதை உடல்நிலை அறிந்த மருத்துவரே கூறவல்லார்.

ஆயினும் மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டில் எழ வேண்டிய வினாக்கள் பழையனவே. நோக்கம் என்ன? தீங்கு நேருமா? மீள வழியுண்டா? எல்லாவற்றிற்கும் மேலாக, அவளைக் கேட்டோமா?