சுமத்திராவிலிருந்து வந்த சாம்பல்

பாலக்காட்டுக் கணவாயிலும் மூணாற்றுத் தேயிலை மலைகளிலும் வாழும் தமிழன்பர்கள் நாள்தோறும் காண்பது மிகத் தொன்மையான கருங்கற் பாறைகளை. எரிமலை அங்கே ஏதுமில்லை. ஆயினும் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டின்மீது எரிமலைச் சாம்பல் பொழிந்தது. அது வந்த இடம் சுமத்திராத் தீவின் வடபாகம். வெடிப்பினால் நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் இன்று தோபா ஏரி கிடக்கிறது. அதன் நீளம் சுமார் 100 கிலோமீட்டர்.

மலைச் சரிவில் விழும் சாம்பலைப் பருவமழை அடித்துச் சென்றுவிடும். ஆற்று வண்டல் விரைந்து மூடிய இடங்களிலேயே அது தங்கும். மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கு, ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம், புனே மாவட்டத்தில் குக்டி நதிக்கரையிலுள்ள போரி ஆகியவை அத்தகையன.

சாம்பல் எந்த எரிமலையினது என்று எவ்வாறு அறிவது? ஒரே தனிமத்தின் அணுக்களே எடையில் வேறுபடுவதுண்டு. அவற்றை ஐசோடோப்புகள் என்பர். பழைய கண்ட நிலத்தை உருக்கிக்கொண்டு எழும் குழம்பில் ஸ்ட்ரான்ஷியம்-87 மிகுந்திருக்கும். தோபாச் சாம்பலுக்கும் தக்காணக் கரும்பாறைக்கும் இதில் வேற்றுமை உண்டு. ஆயின் தோபா ஒருமுறை மட்டும் வெடித்ததன்று. சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் வெடித்திருக்கிறது. எந்த வெடிப்பு என்பதற்கு வயதும் வேண்டும். பொட்டாசியம்-40இன் ஒரு பகுதி மெல்ல ஆர்கான்-40 ஆக மாறுகிறது. படிகத்தில் சேர்ந்துள்ள ஆர்கானை அளந்தால் வயது புலப்படும்.

போரியில் இக்கணக்கே பெரும் வழக்காயிற்று. அங்கே சாம்பலோடு ஆதிமனிதரின் கற்கோடரிகளும் கிடைத்தன. சாம்பலின் வயது 14 லட்சம் ஆண்டு என்று 1989-இல் கூறப்பட்டது. 1995-இல் அது 6,70,000 ஆயிற்று. 1998-இல் வெஸ்ட்கேட் குழுவினர் கண்ணாடித் துகள்களின் இரசாயன அமைப்பை ஆராய்ந்து, தீபகற்பத்துச் சாம்பல் முழுதும் 75,000 ஆண்டுக்கு முற்பட்ட ஒரே வெடிப்பினது என்றனர். ஆறு கொணர்ந்த பழைய மணல் ஒரு சிறிது கலந்தாலும் ஆர்கான் கணக்கு வயதை ஏற்றிக் காட்டும் அன்றோ! எனினும் 2011-இல் வேறு சிலர் போரிச் சாம்பல் பழைய வெடிப்பினதே என வாதிட்டனர். கற்கோடரி செய்தோர் இந்நாட்டில் வாழ்ந்த காலத்தைச் சாம்பலைக் கொண்டு மட்டும் நாட்டுவது கடினம் என்பதே என் கருத்து.

அதே 2011-இல் விடை நம் தமிழகத்திலிருந்தே வந்தது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்ட அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தனர். வானத்துக் கதிர்கள் படிகக் கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய ஐசோடோப்புகளை உண்டாக்கும். கல் மண்ணுள் புதைந்தபின் முன்னது விரைந்தும் பின்னது மெல்லவும் அழியும். எஞ்சிய விகிதத்தை அளந்தபோது, அங்குள்ள கற்கோடரிகள் குறைந்தது 10 லட்சம், பெரும்பாலும் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை எனத் தெரிந்தது. அக்கணக்கிற்குச் சாம்பல் ஒரு பிடியும் தேவைப்படவில்லை.