நைல் படுகையில் நீர்ப் பாதுகாப்பும் வெளியுறவுக் கொள்கையும்: ஓர் ஆய்வு

முன்னுரை

எல்லை கடந்து ஓடும் ஆற்றை நம்பி வாழும் நாட்டின் நீர்ப் பாதுகாப்பு அதன் பாசனத் துறையின் கையில் மட்டும் இல்லை. வறட்சி ஆண்டில் தலைமடை நாடு மதகைத் திறக்குமா என்பதை வெளியுறவுத் துறைதான் பேசி முடிக்க வேண்டும். பதினொரு நாடுகள் பங்குகொள்ளும் நைல் படுகை இதற்குத் தெளிவான சான்று. நீல நைல் குறித்து எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையே நீடிக்கும் பிணக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றை எடுத்துக்கொள்கிறது.

1. ஆற்றின் இயல்பு

அஸ்வானை அடையும் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழை. நீல நைல், சோபாத், அத்பரா ஆகிய ஆறுகள் அதைக் கொண்டுவருகின்றன. வெள்ளை நைலின் நீரில் ஏறத்தாழ பாதி தெற்கு சூடானின் சுத் சதுப்பு நிலத்திலேயே ஆவியாகிவிடுகிறது.

எகிப்தில் மழை மிக அரிது. அந்நாட்டின் நன்னீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் நைல் தருவது. ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 கன மீட்டர் என்னும் பற்றாக்குறை வரம்புக்குக் கீழே அது எப்போதோ இறங்கிவிட்டது. மறுபுறம், பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட எத்தியோப்பியாவில் மின்சாரம் எட்டாத வீடுகள் ஏராளம். ஒருவருக்குச் சோறு, மற்றவருக்கு விளக்கு. இரண்டுமே நியாயமான தேவைகள் என்பதால்தான் இந்த வழக்கு கடினமானது.

2. ஒப்பந்த மரபு

1902இல் பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையில், நீல நைலின் ஓட்டத்தைத் தடுக்கும் கட்டுமானங்களை ஒப்புதலின்றிச் செய்வதில்லை என்று எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் ஏற்றார். 1929இல் பிரிட்டனும் எகிப்தும் செய்த ஏற்பாடு, பிரிட்டன் ஆண்ட தலைமடைப் பகுதிகளின் நீர்த் திட்டங்கள் மீது எகிப்துக்கு மறுப்புரிமை தந்தது.

எகிப்தும் சூடானும் செய்த 1959 உடன்படிக்கைதான் இன்றைய பிணக்கின் வேர். ஆண்டுக்கு 8,400 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்ட நீரில் எகிப்துக்கு 5,550 கோடி (ஏறத்தாழ 1,960 டி.எம்.சி.), சூடானுக்கு 1,850 கோடி, ஆவியாதல் முதலிய இழப்புக்கு 1,000 கோடி என்று வகுத்தார்கள். நீர் முழுவதும் பங்கு போடப்பட்டது. அதில் பெரும்பகுதி உற்பத்தியாகும் எத்தியோப்பியாவை யாரும் பேச்சுக்கு அழைக்கவில்லை.

விடுதலை பெற்ற தான்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) 1962இல், அதன் தலைவர் நியரேரே வகுத்த கொள்கையின்படி, காலனிக் கால ஒப்பந்தங்கள் தன்னைக் கட்டுப்படுத்தா என்று அறிவித்தது. தலைமடை நாடுகளின் பொது நிலைப்பாடு அங்கிருந்து வளர்ந்தது.

3. பொதுச் சட்டம் தேடிய முயற்சி

1999இல் நைல் படுகை முன்னெடுப்பு தொடங்கியது. அதன் விளைவான கூட்டுறவுக் கட்டமைப்பு உடன்படிக்கை 2010 மே மாதம் உகாண்டாவின் என்டெபேயில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. தகராறு 14(ஆ) பிரிவில் மூண்டது. பிற நாடுகளின் நீர்ப் பாதுகாப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக் கூடாது என்றது வரைவு. நடப்புப் பயன்பாடுகளையும் உரிமைகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்றது எகிப்து. சேர்த்தால் 1959 பங்கீட்டைத் தலைமடை நாடுகள் ஏற்றதாகிவிடும். எனவே அவை மறுத்தன. தெற்கு சூடானின் ஏற்புக்குப் பின் 2024 அக்டோபரில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. எகிப்தும் சூடானும் வெளியே நிற்கின்றன.

ஐ.நா.வின் 1997 நீர்வழி ஒப்பந்தம், நியாயமான பயன்பாடு, பெருந்தீங்கு தவிர்த்தல் என்னும் இரு நெறிகளையும் ஒன்றாக வைத்தது. அதன் மீதான வாக்கெடுப்பில் எகிப்தும் எத்தியோப்பியாவும் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் ஒதுங்கின.

4. அணையும் பேச்சுவார்த்தையும்

முபாரக் பதவியிழந்து எகிப்து கொந்தளித்திருந்த 2011 ஏப்ரலில், சூடான் எல்லைக்கு அருகே எத்தியோப்பியா மறுமலர்ச்சி அணைக்கு அடிக்கல் நாட்டியது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். எகிப்தின் 1959 ஆண்டுப் பங்கைவிட மிகுதி. வெளிநாட்டு நிதி பெரிதாகக் கிடைக்காத நிலையில், உள்நாட்டுக் கடன் பத்திரங்களும் ஊழியர்களின் பங்களிப்பும் பணம் தந்தன. இதனால் கடன் வழியே எத்தியோப்பியாவை நெருக்கும் வாய்ப்பு பிற நாடுகளுக்குப் பெரிதும் குறைந்தது.

2015 மார்ச்சில் கார்ட்டூமில் மூன்று நாடுகளும் கொள்கைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. 2019–20இல் அமெரிக்கா நடத்திய பேச்சில் எகிப்து மட்டுமே வரைவை ஏற்றது. அமெரிக்கா உதவித் தொகையின் ஒரு பகுதியை நிறுத்தியும் எத்தியோப்பியா வளையவில்லை. நடுவரின் நடுநிலைதான் ஐயத்துக்குள்ளானது. விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குச் சென்று, ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் திரும்பியது. 2023 டிசம்பரில் பேச்சு முறிந்தது. இதற்கிடையே, 2020இல் தொடங்கிய நீர் நிரப்பல் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 9 அன்று அணை திறக்கப்பட்டது.

எஞ்சியிருக்கும் முதன்மையான கேள்வி: தொடர் வறட்சியில் எவ்வளவு நீர் விடப்படும்? சூடானின் நிலை தனி. வெள்ளத் தணிப்பும் வண்டல் குறைவும் அதற்கு ஆதாயம். ஆனால் கீழே உள்ள ரொசைரஸ் அணையைப் பாதுகாப்பாக இயக்க, நீர்த் திறப்பு விவரம் அன்றாடம் வந்தாக வேண்டும்.

5. செனகல் ஆறு: ஓர் ஒப்பீடு

நைல் படுகைக்கு மாறாக, செனகல் ஆற்றைப் பகிரும் மாலி, மொரிட்டானியா, செனகல் ஆகிய நாடுகள் 1972இல் கூட்டு அமைப்பு ஒன்றை நிறுவின. 1978 ஒப்பந்தத்தின்படி அணைகள் எந்தத் தனி நாட்டுக்கும் உரியவை அல்ல. எல்லாருக்கும் பொதுச் சொத்து. மாலி மண்ணில் நிற்கும் மனந்தாலி அணையின் மின்சாரம் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 விழுக்காடு என்று பிரிகிறது. 1989இல் செனகலும் மொரிட்டானியாவும் போரின் விளிம்புக்குச் சென்றபோதும் இவ்வமைப்பு கலையவில்லை. நைலைப் போல முழுவதும் பங்கிடப்பட்ட ஆறு அல்ல இது என்பதையும் கருத வேண்டும்.

6. ஆய்வு முடிவுகள்

(அ) நீர் பிறக்கும் நாட்டை விலக்கிச் செய்த பங்கீடு, அந்நாடு அணை கட்டும் வலிமை பெறும் வரைதான் செல்லும்.

(ஆ) நடுவராக வரும் வல்லரசு ஒரு தரப்பை நெருக்கினால் பேச்சு நின்றுபோகும், கட்டுமானம் நிற்காது.

(இ) நிலையான கன அளவைக் கோருவதைவிட, வறட்சி ஆண்டுக்கான விதியையும் அன்றாட நீர்த் தரவையும் கோருவது கடைமடை நாட்டுக்குப் பயன் தரும்.

முடிவுரை

எகிப்து 1959 எண்ணை விட்டுப் பேச வேண்டும். எத்தியோப்பியா வறட்சிக் கால நீர்த் திறப்புக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். அணை கட்டி முடிந்துவிட்ட நிலையில் இந்த இரண்டும் ஒருசேர நடந்தால்தான் நீல நைலில் எவருக்கும் நீர்ப் பாதுகாப்பு உண்டு. அதற்கான பேச்சை மழை நன்றாகப் பெய்யும் ஆண்டிலேயே முடிப்பதுதான் அறிவுடைமை.