பிளாப்பியில் மாட்டிக்கொண்ட தமிழ்

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது அனுமந்தை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும் பகுதி அது. இப்படிப்பட்ட ஊரில் பிளாப்பி டிஸ்க்கை இருபது வருடம் பீரோவில் வைத்தால் அதன் காந்தப்பூச்சில் பூஞ்சை படரலாம். துடைக்காமல் டிரைவில் போட்டால் தட்டும் கீறும், படிக்கும் முனையும் அழுக்காகும்.

முதல் பிளாப்பியை ஐபிஎம் 1971-இல் வெளியிட்டது. அகலம் 8 அங்குலம். 1976-இல் 5.25 அங்குலமும், 1980களின் தொடக்கத்தில் சோனியின் 3.5 அங்குலமும் வந்தன. வெளியே ஒரே அளவு என்பதால் உள்ளேயும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 5.25 அங்குலத்திலேயே 360 கிலோபைட் தட்டில் பக்கத்துக்கு 40 தடங்கள், 1.2 மெகாபைட் தட்டில் 80. புதிய டிரைவ் பழைய தட்டைப் படித்துவிடும். ஆனால் அதில் எழுதினால் தடம் மெலிந்துபோய், பழைய டிரைவ் திணறும். அதனால் பழைய தட்டு கிடைத்தால் முதல் வேலை, எழுத முடியாதபடி பூட்டுவது. 5.25-இல் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும், 3.5-இல் நேர் எதிர், சின்னத் துளையைத் திறக்க வேண்டும்! பிறகு தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் யூ.எஸ்.பி. டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டுமே. 5.25-க்குப் பழைய டிரைவையும், அதைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் போன்ற சர்க்யூட் போர்டையும் தேட வேண்டும்.

ஆங்கிலக் கோப்பு என்றால் கதை இதோடு முடிந்தது. தமிழுக்கு இன்னொரு பூட்டு உண்டு. 1980களின் நடுவில் கனடாவில் சீனிவாசனின் ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசும் வந்தன. பின்னர் வந்த எழுத்துருக்களில் பலவும் ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தன. ஒன்றில் 'க' இருக்கும் எண்ணில் இன்னொன்றில் வேறு எழுத்து. கோப்பு பழுதில்லாமல் திறக்கும், திரையிலோ கிறுக்கல். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமே மயிலை, திஸ்கி, யூனிகோடு என்று மாறி மாறி வர வேண்டியிருந்தது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது, 2010-இல்தான் யூனிகோடு.

மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் மூல எழுத்துரு எது என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டும். வெறும் உரைக்கோப்பில் அந்தப் பெயர் பதிவாவதில்லை. தட்டின் லேபிளில் பேனாவால் எழுதி வைத்தவர்கள் புண்ணியவான்கள்.