பெயரை மாற்றிப் பெற்ற வாக்கு: புதுச்சேரியின் துறந்தோரும் நாமும்

சிறுபான்மைச் சமயத்தார் ஒரு நாட்டின் அரசியலில் ஏனையோருக்கு நிகராக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமாயின் அவர்கள் எதனை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது? விட்டுக்கொடுத்த பின்னராவது ஏற்பு முழுமையாகக் கிடைக்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணப் புதுச்சேரியின் வரலாற்றில், நம் திருச்சபை வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத ஒரு பகுதியை நாம் திரும்பிப் பார்ப்பது பயனுடையதாகும்.

பிரெஞ்சு ஆட்சியினர் 1819ஆம் ஆண்டின் ஆணையொன்றினால், இந்தியர்களுடைய திருமணம், வாரிசுரிமை முதலியவை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்று உறுதி கூறினர். பின்னர் 1848இல் நிகழ்ந்த புரட்சி, இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளுக்குப் பாரிஸ் சட்டமன்றத்திற்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமையை அளித்தது. இடையில் இழந்த அவ்வுரிமை 1871இல் மீண்டும் கிடைத்தது. இதனால் ஒரு முரண்பாடு தோன்றிற்று. வாக்களிக்கும்போது தமிழன் பிரெஞ்சுக் குடிமகன்; வீட்டிலும் வழக்குமன்றத்திலுமோ அவன் தன் சாதிக்குரியவன். கிறிஸ்தவனும் இவ்விதிக்கு விலக்கல்லன். திருமுழுக்கு அவனுக்குப் புதிய பெயரைத் தந்தது. சட்டமோ அவனைப் பழைய சாதியின் பெயராலேயே அறிந்தது.

இந்நிலையை முதன்முதலில் வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றினார். இந்தியர் அவ்வாறு வருவது முறையன்று என்று நீதிபதி அவரைத் தண்டித்தார். அவர் பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடி வென்றார். வழக்கு காலணியைப் பற்றியதுபோலத் தோன்றினும், உண்மையில் சட்டத்தின்முன் மனிதனுடைய நிலையைப் பற்றியதே என்பது இங்குக் கருதத்தக்கது.

இதன் தொடர்ச்சியாகவே 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை பிறந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவரும் பெண்டிரும், எச்சாதியினராயினும் எச்சமயத்தினராயினும், தம் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்று அது கூறிற்று. துறப்பு மீளப் பெறமுடியாதது. மனைவியையும் இளம் பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். துறப்போர் ஒரு குடும்பப் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி ‘லப்போர்த்’ என்னும் பெயரை ஏற்றார். இவர்களே ‘ரெனோன்சான்’ எனப்பட்ட துறந்தோர். இவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் பலர். சமயத்தைக் கைவிடுமாறு ஆணை எவரையும் கேட்கவில்லை. சாதியின் சட்டத்தைத்தான் கைவிடச் சொன்னது. ஆகவே ஒடுக்கப்பட்டோருக்கு இது இழப்பாகத் தோன்றாமல் விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் அரசியல் அவர்களை எவ்வாறு ஏற்றுக்கொண்டது? தேர்தலில் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியலும் இந்தியருக்கு ஒரு பட்டியலும் இருந்தன. மிகச் சிலரான ஐரோப்பியர், ஆயிரக்கணக்கான இந்தியருக்கு ஒப்பான செல்வாக்கைப் பெற்றிருந்தனர். சட்டப்படி பிரெஞ்சுக்காரராகிவிட்ட தாங்கள் முதற்பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று துறந்தோர் கோரினர். பாரிஸ் உச்ச நீதிமன்றம் 1883இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1884இல் வந்த ஆணையோ அவர்களுக்கென்று தனியாக மூன்றாவது ஒரு பட்டியலை உண்டாக்கிற்று. வைதிக இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் சாதி வழக்கத்தின் காவலராக நின்று பெரும்பான்மையோரின் ஆதரவைத் திரட்டினார். பிறகு 1899இல் துறந்தோரின் பட்டியலும் ஒழிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர் பட்டியலுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். பெயரை மாற்றினர், சட்டத்தை மாற்றினர், எனினும் வெள்ளையருக்கு அவர்கள் இந்தியராகவும், இந்துக்களுக்கு அந்நியராகவுமே தோன்றினர்.

இதே காலத்தில் அமெரிக்காவில் மார்மன் சபையாருக்கு நேர்ந்ததை ஒப்பிட்டு நோக்கலாம். புதுச்சேரி ஆணைக்கு அடுத்த ஆண்டில், அதாவது 1882இல், பலதார மணம் புரிந்தோரின் வாக்குரிமையை அமெரிக்கச் சட்டம் பறித்தது. அச்சபையின் தலைவர் 1890இல் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 1896இல் யூட்டா மாநிலமாக ஏற்கப்பட்டது. ஆயினும் 1903இல் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரீட் ஸ்மூட்டின் தகுதி குறித்த விசாரணை 1907 வரை நீடித்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2012இல், மிட் ராம்னி குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றார். அவ்வாண்டில் பில்லி கிரகாமின் நற்செய்தி நிறுவனம் தவறான உபதேசக் குழுக்களின் பட்டியலிலிருந்து மார்மன் சபையின் பெயரை நீக்கியது. மார்மன் உபதேசம் மாறிவிடவில்லை, தேர்தல் வந்தது. நமது திருச்சபைகள் அவ்வுபதேசத்தை ஏற்பதில்லை. எனினும் அரசியல் வசதிக்காக இறையியல் தன் சொற்களை மாற்றிக்கொள்ளுதல் அதைவிடக் கவலைக்குரியது என்பதை நாம் உணரவேண்டும்.

இவை பழங்கதைகள் அல்ல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களல்லாதோருக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. புதுச்சேரிக்கென 1964இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையும் இவ்வழியையே பின்பற்றுகிறது. அதன் சட்டமன்றத்தின் 30 தேர்தல் தொகுதிகளுள் 5 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. தலித் கிறிஸ்தவர் ஒருவர் அவற்றில் போட்டியிட இயலாது. 1881இல் அரசு, ‘சாதியின் சட்டத்தைத் துற, உரிமை தருகிறோம்’ என்றது. இன்றோ, ‘கிறிஸ்துவின் பெயரை அறிக்கையிடாதே, உரிமை தருகிறோம்’ என்கிறது. இரண்டாவது விலை முதலாவதைவிடக் கொடியது. திருச்சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் அரசாங்கச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்களை நம் போதகர்கள் நன்கறிவர்.

அவர்களைக் கோழைகள் என்று கடிந்துகொள்வது எளிது. அதற்குமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்று உண்டு. சட்டத்தில் சாதியைத் துறக்கத் துணிந்த துறந்தோருக்குத் திருச்சபை தன் திருப்பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியற்ற இடத்தை அளித்ததா? இன்று அளிக்கிறதா? அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தில், பெருந்தொகை கொடுத்து ரோமக் குடியுரிமை பெற்றவன் ஒருவனையும், பிறப்பிலேயே அதனை உடையவனான பவுலையும் ஒருசேரக் காண்கிறோம். பவுல் தன் குடியுரிமையை மறைக்கவுமில்லை. அதற்காகத் தன் ஆண்டவரை மறைக்கவுமில்லை. அத்தகைய துணிவை விசுவாசிகளிடம் எதிர்பார்க்கும் நாம், தலித் கிறிஸ்தவரின் உரிமைக்காக அரசின்முன் வாதாடவும், சாதியை நம் நடுவிலிருந்து அகற்றவும் கடமைப்பட்டுள்ளோம். இவ்விரண்டையும் செய்யாமல் நாம் ஆற்றும் பிரசங்கம், நீதிமன்ற வாசலில் பொன்னுத்தம்பியின் காலணியைக் கழற்றச் சொன்ன குரலையே ஒத்திருக்கும்.