அமாங் மணலின் கதை

சுங்கை பீசி, பூச்சோங் பக்கம் போகும்போது பெரிய பெரிய குட்டைகளைப் பார்க்கிறோம். அவற்றில் பல, வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள். கோலாலம்பூர் நகரமே ஈயத்தால் உண்டானதுதான். 1857இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே மேலே அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இரயில் ஓடியது. ஈயம் அதில் ஏறிக் கடலை நோக்கிப் போனது. இது நாம் கேட்ட கதை. அந்த ஈயத்தோடு கூடவே வந்த இன்னொரு பொருளின் கதையை இன்று பார்ப்போம்.

மணலைக் கழுவி ஈயத்தை எடுத்த பிறகு, கனமான மணல் ஒன்று மிஞ்சும். அதற்கு 'அமாங்' என்று பெயர். முதலில் அதைக் கழிவென்று ஒதுக்கினார்கள். ஆனால் அதில் இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் என்னும் கனிமங்கள் இருந்தன. கடைசி இரண்டும் அருமண் உலோகங்களின் இருப்பிடம்.

இவை ஈயத்தோடு எப்படிச் சேர்ந்தன? நமது மலைத்தொடரின் கருங்கல் ஒரு காலத்தில் பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்தது. குழம்பு ஆறும்போது சாதாரணப் பொருள்கள் முதலில் படிகமாகிவிடும். அந்தப் படிகங்களில் அளவு பொருந்தாத அணுக்கள் கடைசிக் குழம்பில் தங்கும். அக்குழம்பு பாறை வெடிப்புகளில் புகுந்து, பெரிய பெரிய படிகங்களாக உறையும். இதுவே பெக்மடைட் பாறை. மோனசைட் கருங்கல்லுக்குள்ளும் சிறு மணிகளாக இருக்கும். பல இலட்சம் ஆண்டு மழையில் பாறை கரைந்தது. இலேசான மண் கடலுக்குப் போனது. கனமான ஈயமும் அமாங்கும் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டன.

படிகம் என்பது ஒரே அளவாகக் கட்டிய லயத்து வீடுகளைப் போன்றது. மோனசைட்டில் ஒவ்வோர் அருமண் அணுவையும் ஒன்பது ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். அந்த வீடு பெரியது. அதில் சீரியம் போன்ற பெரிய அணுக்கள் குடியிருக்கும். செனோடைமில் எட்டுதான், அங்கே சிறிய அணுவான இட்ரியம் இருக்கும். சீரியத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவுடையது தோரியம். ஆகவே அதுவும் மோனசைட்டுக்குள் குடியேறிவிடுகிறது. தோரியமோ கதிர்வீச்சுடைய உலோகம். அதில் பாதி அழிய 1,400 கோடி ஆண்டு ஆகும்!

இவற்றால் நமக்கு நன்மையும் உண்டு. திருவிழாவில் தலைமேல் தூக்கிச் சென்ற கேஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். 1891இல் வெல்ஸ்பாக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் அதன் வலையை 99 பங்கு தோரியம் ஆக்ஸைடும் 1 பங்கு சீரியம் ஆக்ஸைடும் கொண்டு அமைத்தார். பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் சிவப்பு நிறத்துக்கு இட்ரியம் உதவியது.

மோனசைட் எளிதில் கரையாத கனிமம். படிகம் உடையாதவரை தோரியம் அதற்குள் கட்டுண்டு கிடக்கும். அருமண் எடுக்க வேண்டுமானால் படிகத்தைக் கடும் அமிலத்தாலோ காரத்தாலோ உடைக்க வேண்டும். அப்போது தோரியம் கழிவாக வெளிவருகிறது.

ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் நடந்தது இதுதான். அங்கே ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் வேலை தொடங்கியது. கழிவினால் உடல்நலம் கெடுகிறது என்று ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள், ஆலை மறுத்தது. 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 1992இல் அதே நீதிமன்றம் ஊர்மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அப்புறப்படுத்தும் வேலை அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது.

நேயர்களே, மணலைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அறியாமல் இருப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும். அமாங் குவியலில் பிள்ளைகளை விளையாட விடலாகாது. அந்த மணலை அள்ளி வந்து வீட்டுத் தரைக்கு நிரப்பலாகாது. அமாங் ஆலையில் வேலை செய்வோர் தூசியைச் சுவாசிக்காதபடி மூக்கையும் வாயையும் காத்துக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சுப் பொருள்களைக் கையாள உரிமம் வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம். அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. உழைப்பவன் தன் கையில் இருப்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா?